அனைத்தையும் அச்சிடு

1

இந்தக் கதை ஒரு சாலையோரப் பள்ளத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. முதல் வரியையும் அங்கேதான் வைத்திருந்தேன்: ‘பிராண்டனுக்கு மேற்கே, பனியில் சறுக்கிய லாரி ஒன்று’

வேண்டாம். இப்படித் தொடங்கினால் லாரியின் கதை என்று நினைத்துவிடுவீர்கள். இது ஒரு பட்டனின் கதை.

2

கனடாவில், வின்னிபெக் நகரில் ரசாயனம் விற்கும் கம்பெனி. மென்பொருள் பிரிவில் இரண்டே பேர்: வெண்டல் காஸ்டிக், நான். கீழ்த்தளத்தில் டெனிஸ் ஃபேர். அன்றைக்குக் கிளம்பும் ஒவ்வொரு லாரியிலும் என்ன இருக்கிறது என்று சொல்லும் சரக்குச் சீட்டுகளைக் காலை ஆறு மணி முதல் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றாக அச்சிட்டு, அந்தந்த டிரைவரின் தட்டில் வைப்பாள். இருநூறுக்குக் குறையாது. மூன்று மணி நேரம் நின்றபடியே செய்யும் வேலை.

ஒருநாள் மாடியேறி வந்தாள்.

“வெண்டல், எனக்கு ஒரே ஒரு பட்டன் செஞ்சு குடு. அமுக்குனா அத்தனையும் வந்து விழணும்.”

“அத்தனையும் விழுந்துட்டா நீ என்ன பண்ணுவ?”

“உக்காருவேன்யா. இந்தக் கம்பெனில நாற்காலி எப்படி இருக்கும்னு பாக்கணும்.”

(முதல் வரைவில் டெனிஸை, இயந்திரம் தன் வேலையைப் பறித்துவிடுமோ என்று பயப்படுகிறவளாக எழுதியிருந்தேன். அப்படியொரு பெண் கதைக்கு வசதி. ஆனால் டெனிஸ் பயப்படவில்லை. அந்த மூன்று மணி நேரம் மிச்சமானால் ஜனவரியிலிருந்து மேற்பார்வையாளர் பதவி என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பயத்தை அடித்துவிட்டேன்.)

3

அந்தப் பட்டனுக்கான வலைச் செயலியை வெண்டல் வடிவமைத்தான். அவன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. எல்லாச் சீட்டுகளையும் ஒரே கோப்பாகத் தைத்து பிரின்டருக்கு அனுப்பலாம். பதினொரு நிமிடம் ஆகும். தனித்தனியாக, ஆனால் ஒரே நேரத்தில் அனுப்பலாம், நான்கே நிமிடம்.

நான்கு நிமிடம் அவனை மயக்கிவிட்டது. பத்துச் சீட்டுகளை வைத்துச் சோதித்தான், வரிசை பிசகவில்லை. ‘திரையில் உள்ள வரிசையிலேயே தாள்கள் வரும்’ என்று டெனிஸுக்கு எழுதியும் கொடுத்தான். ஆனால் இருநூறு சேர்ந்தபோது, ஒரு பக்கச் சீட்டுகள் நான்கு பக்கச் சீட்டுகளை முந்திக்கொண்டு ஓடின. முதல் நாள் காலை டெனிஸ் பட்டனை அழுத்தினாள். திரையைப் பார்த்து, மேலிருந்து கீழாகத் தாள்களை எடுத்துத் தட்டுகளில் வைத்தாள்.

[குறிப்பு: ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் விதி. இதற்கு ஒப்புதல் தந்தவன் நான். அன்று வெள்ளிக்கிழமை, நான் கிளம்புகிற அவசரத்தில்]

4

அன்று கிளம்பிய டிரைவர்களில் ஒருவரான ரோஜர் டுபேயின் லாரியில் இருந்தவை அமிலப் பீப்பாய்கள். அவர் கையில் இருந்த சீட்டோ கார் கண்ணாடி கழுவும் திரவத்துக்கானது. லாரி பள்ளத்தில் சாய்ந்ததும் வந்த தீயணைப்புக்காரர்கள் சீட்டைப் படித்துவிட்டு, சாதாரணக் கையுறைகளோடு பீப்பாய்களை நெருங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு கை வெந்துபோனதாக மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை. நெற்றியில் ரத்தம் வழிய ரோஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கத்தினார்:

“பேப்பர நம்பாதீங்க! அது ஆசிட்டு! தள்ளிப் போங்க எல்லாரும்!”

தள்ளிப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

5

மறுநாள் கூட்டம். மேலாளர் பிரென்ட் நேரே டெனிஸைப் பார்த்தார்.

“சீட்டப் பிரிச்சு வச்சது யாரு?”

“நான்தான்.”

“படிச்சுப் பாக்க மாட்டியாம்மா? இந்த லட்சணத்துல மேற்பார்வை வேற.”

பிழை எங்கே என்பதை வெண்டல் முந்தைய மாலையே கண்டுபிடித்திருந்தான். பிரின்டருக்குப் போன வரிசையைத் தோண்டியெடுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டிடத்தில் இருவர்தான். அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“அவ மேல தப்பில்ல. வேகத்துக்கு ஆசப்பட்டு வரிசையக் கோட்ட விட்டது நான். மாறாதுன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்.”

“நீ எழுதுனத வேற யாரும் பாக்கலயா?”

வெண்டல் என் பக்கம் திரும்பவே இல்லை. “அது என் வேல,” என்றான்.

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

அதற்குப் பிறகு பதினொரு நிமிட வழிக்கு மாறினோம். ஒவ்வொரு சீட்டின் தலையிலும் லாரி எண் பெரிதாக அச்சாகிறது. அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தட்டில் வைக்கிறார்கள். ரோஜர் இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். வெண்டலுக்கு எழுத்துமூல எச்சரிக்கை. ஜனவரியில் டெனிஸ் மேற்பார்வையாளரானாள்.

பதவி ஏற்ற மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்தாள்.

“வெண்டல் வாயத் தொறக்க மாட்டான். அதான் உன்னயே கேக்கறேன். அன்னிக்கு ஒப்புதல் குடுக்கறதுக்கு முன்னாடி அவன் எழுதுனத நீ படிச்சியா?”

என் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ‘படிச்சேன், கண்ணுல படல.’ ‘படிக்கல டெனிஸ்.’ மூன்றாவதில் நான் எதுவும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன்.

இவற்றில் ஒன்று நடந்தது. எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் எழுதப்போவதில்லை. டெனிஸுக்கும் வெண்டலுக்கும் தமிழ் தெரியாது. இந்தக் கதையை நான் தமிழில் எழுதுவதும் அதனால்தான்.