இரண்டு விரல் பள்ளம்

உள்ளே போனவர் வெகுநேரமாக வரவில்லை. கழிவறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்ற மனைவி முதலில் இருமிப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

“என்னங்க, முடிஞ்சுதா?”

“அது எப்பவோ முடிஞ்சுது. எந்திரிக்கத்தான் முடியல.”

பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்து ஒரு வருடமாகிறது, கண்ணுகளா. குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது எல்லாம் அவள்தான். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கைத்தடியை ஊன்றித் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தச் சாத்திய கதவுதான் அவருக்கு மிச்சமிருந்த மானம்.

வழுக்கிவிடுவாரோ என்று பயந்துதான் பழைய தரைக்கு மேலேயே சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டச் சொன்னாள். கம்மோடைக் கழற்றி, அடியிலுள்ள பைப்பையும் உயர்த்திவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று கொத்தனார் தலைபாடாக அடித்துக்கொண்டார். கழற்றினால் சிமெண்ட் காய ஒரு நாளாகும். அந்த ஒரு நாள் அவருக்குப் படுக்கையிலேயே பெட்பேன் வைக்க வேண்டும். அவர் முகம் போகும் போக்கை நினைத்து, “அத அசைக்காதீங்க, சுத்தி ஒட்டிடுங்க” என்றாள். தரை உயர்ந்தது. கம்மோட் இருந்த இடத்திலேயே இருந்து, இரண்டு விரல் பள்ளத்துக்குப் போய்விட்டது.

கதவைத் திறந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

“நான் வளந்துட்டேனா, அது குள்ளமாயிடுச்சா?” என்றார். சிரிக்க அவளுக்கு இடுப்பில் தெம்பில்லை.

மறுநாள் பிளம்பர் வந்து எட்டிப் பார்த்தார். “யாரும்மா இது, கம்மோடுக்குக் கல்லறை கட்டுனது?”

“நான்தாம்பா.”

அவர் உளியை எடுத்தார். சுற்றியிருந்த டைல்ஸை உடைத்து, கம்மோடைப் பெயர்த்து, பைப்பின் வாயில் ஒரு பைப்புத் துண்டு ஒட்டி உயர்த்தி, புதுத் தரைமேல் நிறுத்திப் பூசினார். “நாளைக் காலைல வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது.”

எதற்குப் பயந்தாளோ அந்த நாளே வந்தது. பெட்பேனுக்கு வேலை வைக்கக் கூடாதென்று கணவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

“சாப்பிடுங்க. நான் என்னைக்காவது சலிச்சுக்கிட்டேனா?”

“நீ சலிச்சுக்க மாட்டே. அதான் வேண்டாங்கறேன்.”

அவளும் தன் தட்டை மூடிவைத்தாள்.

காலையில் அவர் உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கைத்தடியின் நுனி தரையில் இடம் தேடியது, நின்றது, மறுபடி தேடியது. கதவுப் பிடியில் வைத்த கையை அவள் எடுத்துவிட்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எழப்போவது தான்தான் என்பதுபோல முழங்கால்களை இறுக்கிக்கொண்டு நின்றாள்.