மதாமுக்கு வேறு லாயம்

1

இந்தக் கதை என் வலது தோளில் தொடங்கியது. தோள் இறுகிப்போய், சட்டை மாட்டவே இன்னொரு ஆள் தேவைப்பட்ட சமயம். புதுச்சேரி சாரத்தில் வெரோனிகா நடத்தும் பிசியோதெரபி கிளினிக்கில் மல்லாந்து படுத்திருந்தேன். என் கை அவள் கையில் இருந்தது. அப்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, என் கையை விடாமலே கத்தினாள்.

“மதாமை இனிமே ஒரு நாளு கூட அங்க விடமாட்டேன். வாயி கிழிஞ்சிருக்கு. தானா கிழிஞ்சிதுன்னு என்கிட்டயே கதை வுடுறீங்களா? வண்டியோட வந்து கூட்டிட்டுப் போறேன், பாருங்க.”

அவள் குரல் ஏற ஏற என் கையும் ஏறியது. நான் அலறியது அவளுக்குக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் மதாம் என்றால் வெள்ளைக்காரச் சீமாட்டி, இல்லாவிட்டால் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீட்டு அம்மாள். ஏதோ முதியோர் இல்லத்து விவகாரம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே இடது கையால் ஒரு தொடக்கம் எழுதினேன்:

எண்பது வயது மதாமின் உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் அவளைக் கண்டுகொள்ளாமல் அலை—

[இத்தோடு விட்டுவிட்டேன். கடலைக் கூப்பிட்டால் எழுத்தாளனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.]

அடுத்த முறை போனபோது, “அந்த மதாமுக்கு வயசு என்ன இருக்கும்?” என்று கேட்டேன்.

“பதினாலு.”

“பதினாலா?”

“குதிரை சார்,” என்றாள். சிரிக்கவில்லை.

2

சாரத்தில் வாடகைக்குக் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் குதிரை எதற்கு? இந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டாவது பிரதியில் அவளுக்கு ஒரு மகளைக் கொடுத்தேன். மகளுக்குக் குதிரை என்றால் உயிர். மகளைக் காய்ச்சலில் சாகடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் கிழித்துப் போட்டேன். பெரிய மோட்டார் சைக்கிள் வாங்குகிற ஆணிடம், உன் வீட்டில் யார் செத்தார்கள் என்று எவராவது கேட்கிறோமா?

அவளுக்குக் குதிரை பிடிக்கும். அவ்வளவுதான் காரணம்.

சென்னையில் பந்தயத்தில் ஓடி, காலில் தசைநார் அறுந்து, இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட செந்நிறப் பெண் குதிரை அது. வெரோனிகா அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாள். சரிப்படுத்தலாம் என்று பட்டது. வாங்கினாள், பல மாதம் மெனக்கெட்டுச் சரிப்படுத்தினாள். அரியாங்குப்பம் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் அரிகிருஷ்ணன் என்பவர் நடத்தும் லாயத்தில் மாதச் செலவு கட்டி விட்டிருந்தாள். தலையைத் தூக்கிக்கொண்டு, தெருவே தன்னுடையது என்பதுபோல அது நடப்பதைப் பார்த்து லாயத்து ஆட்கள் வைத்த பெயர்தான் மதாம். பக்கத்துத் தடுப்பில் நின்ற கிழட்டு வெள்ளைக் குதிரைக்கு சொல்தா* என்று பெயர். அது அரிகிருஷ்ணனுடையது.

(* பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்தக் குதிரைக்கு விறைப்பு ஒன்றும் கிடையாது. யாரோ கேலிக்கு வைத்தது.)

(வெரோனிகாவுக்குக் கணவர் உண்டு. நல்ல மனிதர். கதையில் அவருக்கு வேலை இல்லை, அதனால் வீட்டிலேயே இருக்கட்டும்.)

3

முழங்கால் வலிக்கு வந்த ஓர் அம்மாள், தன் அண்ணன் மகனின் கல்யாண ஊர்வல வீடியோவை வெரோனிகாவிடம் காட்டினாள். பேண்டு வாத்தியம், பட்டாசு, புகை. நடுவில் ஜிகினாத் துணி போர்த்திய குதிரைமேல் மாப்பிள்ளை. குதிரையின் கடைவாயில் சிவப்பு நுரை. நெற்றியில் வளைந்த வெள்ளைச் சுட்டி.

“நல்லா ஆடுது இல்ல?” என்றாள் அந்த அம்மாள்.

அந்தச் சுட்டியை வெரோனிகாவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவள் கைவைத்துத் தேய்க்கிற நெற்றி அது. ஆடவில்லை, வலியில் துள்ளுகிறது என்பதும் தெரிந்தது. வீடியோவைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள். அன்று வந்த போனில்தான் என் கை மாட்டிக்கொண்டது.

மறுநாள் அவள் லாயத்துக்குப் போன காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் அரிகிருஷ்ணனுக்கு முறுக்கு மீசையும் தங்கச் சங்கிலியும் கொடுத்து, “அப்படித்தான் செய்வேன், என்ன பண்ணுவே?” என்று உறும வைத்தேன். [கெட்டவனுக்குச் சங்கிலி மாட்டுவது சோம்பேறித்தனம்.] அடுத்து அவரை அழ வைத்தேன். அதுவும் பொய். அவர் உறுமவுமில்லை, அழவுமில்லை. நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

“வாரத்துல ஆறு நாளு சும்மாவே நிக்குது மேடம். நடக்கலன்னா காலு புடிச்சிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? கொஞ்சம் நடக்கட்டும்னு அனுப்புனேன்.”

“பட்டாசுக்கு நடுவுலயா? முள்ளு வச்ச கடிவாளம் போட்டா?”

“கூட்டத்துல மிரண்டுடக் கூடாது இல்ல? ஜனங்க சேஃப்டிக்குத்தான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க ஞாயித்துக்கெழம வந்து கொஞ்சிட்டுப் போயிடறீங்க. மத்த நாளெல்லாம் நாங்கதானே மேடம் அதுக்கு வீடு?”

இளநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் சொன்ன வைத்தியத்தையே எடுத்து அவளை அடித்துவிட்டார். அதைவிட, கடைசியாகச் சொன்னது உண்மையாக இருந்ததுதான் அவளை எரித்தது. ஞாயிறு தவிர அவள் வந்ததில்லை.

போகிற வழியில் மற்ற குதிரைகளின் உதட்டையும் விலக்கிப் பார்த்தாள். மதாமையும் சொல்தாவையும் விட்டால் இன்னும் நான்கு. நான்கின் வாயும் புண். சொல்தா வாயில் பழைய தழும்புகள் காய்த்துப் போயிருந்தன.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.

“குதிரை காணாமப் போயிடுச்சா?” என்றார் கான்ஸ்டபிள்.

“இல்ல. வாயி கிழிஞ்சிருக்கு.”

“யாரு வாயி?”

“குதிரை வாயி.”

அவர் திரும்பி உள்ளே இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே இருந்தவரும் சிரித்தார். அவள் நகரவில்லை. மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தரும்வரை மேஜைக்கு முன்னாலேயே நின்றாள்.

4

கனகசெட்டிக்குளத்தில், சவுக்குத் தோப்பு ஓரம், ஷாஜாதி என்ற பெண் தன் இரண்டு குதிரைகளோடு ஒரு சின்ன லாயம் வைத்திருந்தாள். மணல் தரை, நல்ல நிழல், தண்ணீர்த் தொட்டி. வெரோனிகா போய்ப் பார்த்துப் பேசி முடித்தாள். மாடு ஏற்றும் மினி லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அரியாங்குப்பம் போனாள்.

மதாம் ஏறவில்லை. பலகையில் முன்கால் வைப்பாள், பின்வாங்குவாள். வெல்லம் காட்டியும் நடக்கவில்லை. அரிகிருஷ்ணன் தூரத்தில் கைகட்டி நின்றுகொண்டு, “போவ மாட்டேங்குது பாருங்க மேடம், நான் ஒண்ணும் தடுக்கல,” என்றார்.

லாயத்து ஆள் அம்மாவாசை அவள் பக்கம் வந்தான். “சொல்தாவ முன்னாடி ஏத்துனா இது பின்னாலயே போவும்மா. கட்டிப் போட்டுட்டு அவன எறக்கிடலாம்.”

ஏமாற்றுவது என்று அவளுக்குத் தெரியும். அரிகிருஷ்ணனின் கட்டிய கைகளைப் பார்த்தாள். “செய்,” என்றாள்.

சொல்தா ஏறினான். பின்னாலேயே மதாம் குடுகுடுவென்று ஏறினாள். அவளைக் கட்டியதும் அவனைத் திருப்பி இறக்கி, கதவை அடைத்தார்கள். அப்போது மதாம் கனைத்த கனைப்பை—

[எழுத வரவில்லை. வெரோனிகாவும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. “கேட்டிருந்தா உங்களுக்குத் தெரியும் சார்,” என்றாள்.]

வழியெல்லாம் மதாம் லாரியின் பக்கப் பலகையை உதைத்துக்கொண்டே வந்தாள். மரப்பாலம் சிக்னலில் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொக்கு பார்க் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்தது, தமிழ்நாடு முடிந்து மறுபடி புதுச்சேரி வந்தது. உதை நிற்கவில்லை.

5

புது இடத்தில் மதாம் சாப்பிடவில்லை.

அரியாங்குப்பம் இருக்கும் தெற்கு நோக்கியே நின்றாள் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். அவள் வாசலைப் பார்த்து நின்றாள். ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் கனைத்தாள். கொள்ளு ஊறி நுரைத்தது, புல் காய்ந்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கால்நடை டாக்டர் வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு, இப்படியே போனால் குடல் நின்றுவிடும் என்றார்.

“இடம் புடிக்காம இல்லக்கா,” என்றாள் ஷாஜாதி. “ஜோடி இல்ல.”

“உன் குதிரைங்க ரெண்டு இருக்குதே!”

“உங்க தெருவுலயும்தான் ஆம்பளைங்க இருக்காங்க. வூட்டுக்காரரு வெளியூரு போனா அவங்களோட உக்காந்தா சாப்புடுவீங்க?”

வெரோனிகாவுக்குச் சுரீர் என்றது. மதாமின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து உலுக்கினாள். “நல்லதுதானடி பண்ணேன் உனக்கு! அங்க ரத்தம் கக்கிட்டு நின்னியே, அதுவா வேணும்?” மதாம் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

[முதலில் இந்த இடத்தில் வெரோனிகாவைக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வைத்திருந்தேன். அவள் அழவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அரியாங்குப்பம் கிளம்பினாள்.]

6

“சொல்தா எப்படி இருக்கான்?”

“அவனுக்கென்ன மேடம், வயிறு முட்டத் தின்னுட்டு நிக்கிறான்.”

உண்மைதான். சொல்தா வைக்கோலை மென்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்து ஒரு நொடி நிறுத்தினான், பிறகு தொடர்ந்தான். அங்கே ஒருத்தி சாகக் கிடக்கிறாள், இவனுக்கு வைக்கோல் இறங்குகிறது. அவனையும் நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது அவளுக்கு.

“சொல்தாவை எனக்குக் கொடுத்துடுங்க.”

“தாராளமா. கெழவன், எனக்கு அவனால என்ன பிரயோசனம்?” அரிகிருஷ்ணன் மறுபடி நாற்காலியைத் தள்ளிப் போட்டார். “ஸ்டேஷன்ல குடுத்திருக்கீங்களே, அதை வாபஸ் வாங்கிடுங்க. இன்னிக்கே அம்மாவாசையோட அனுப்பி வைக்கிறேன்.”

அவள் அந்த நான்கு குதிரைகளைப் பார்த்தாள்.

“விலைக்கு வேணாம், எழுதியும் குடுக்க மாட்டேன்,” என்றார் அவர், ரொம்பப் பணிவாக. “என் குதிரை உங்ககிட்ட நிக்கிது, அவ்ளோதான். புகாரு மறுபடி வந்தா சொல்தா மறுபடி இங்க வந்துடுவான்.”

வெரோனிகா ஸ்டேஷனுக்குப் போனாள். இந்த முறை கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. நாற்காலி போட்டார், டீ சொல்லட்டுமா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் கனகசெட்டிக்குளத்தில் சொல்தா லாரியை விட்டு இறங்கினான். மதாம் கனைக்கவில்லை. நேராக அவனிடம் போய், கழுத்தில் நறுக்கென்று ஒரு கடி கடித்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே புல்லுக்கட்டில் வாய் வைத்தார்கள். ஷாஜாதி விழுந்து விழுந்து சிரித்தாள். வெரோனிகா தோப்புக்குள் போய் ஹெல்மெட்டை மண்ணில் ஓங்கி ஓங்கி அடித்தாள், அதன் கண்ணாடி தெறித்து விழும்வரை.

[இங்கேயே முடித்திருக்கலாம். கடியிலும் புல்லிலும். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கண்ணாடி தெறித்த பிறகு எப்படி முடிப்பது?]

7

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வெரோனிகா மறுபடி ஸ்டேஷனுக்குப் போகிறாள், சொல்தாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இன்னொன்றில் போகவில்லை, கிளினிக்கில் வரும் முழங்கால்களை அமுக்கிக்கொண்டே காலம் தள்ளுகிறாள். மூன்றாவதில் ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறாள், நான் வெளிச்சத்தை வர்ணிக்கிறேன்.

கிளினிக்கில் படுத்தபடியே தாள்களை அவளிடம் கொடுத்தேன். நோயாளிகள் இல்லாத மதிய நேரம். நின்றபடியே படித்து முடித்தாள்.

“அரிகிருஷ்ணன் யாரு சார்?”

“பேரை மாத்தியிருக்கேன்மா.”

“என் பேரு அப்படியே இருக்கு. ஷாஜாதி பேரு இருக்கு. குதிரை பேரு கூட இருக்கு. அவன் பேரைத்தான் ஒளிச்சி வச்சிருக்கீங்க.”

“கேஸு கீஸு போட்டுடுவான்...”

“ஓ.” தாள்களை என் மார்மேல் வைத்தாள். “மூணு முடிவுலயும் நான்தான் போறேன், இல்லன்னா நான்தான் போவாம நிக்கிறேன். நான் போனா சொல்தாவ இட்டுனு போயிடுவான், மதாம் செத்துடும். உங்ககிட்டேருந்து எதை சார் இட்டுனு போவான்?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். கதை எழுதுவதும் ஒரு வகையில்—

“கையைக் குடுங்க,” என்றாள். அன்று அவள் என் தோளைப் பிடித்த பிடி பற்றி எழுதப்போவதில்லை. கிளம்பும்போது என் போன் அதிர்ந்தது. அவள் அந்த வீடியோவை அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை.

அதன் பிறகு இந்தக் கதையைப் பலமுறை திருத்திவிட்டேன். நான்காவது முடிவு ஒன்று இருக்கிறது, ஆனால் அதை இந்த மேஜையில் உட்கார்ந்து எழுத முடியாது. அதனால் இங்கே இல்லை. கல்யாண சீசன் தொடங்கிவிட்டது. நீங்கள் புதுச்சேரிப் பக்கம் என்றால் அந்த ஊர்வலத்துக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்திருப்பீர்கள், முன்னால் நின்று ஆடியும் இருப்பீர்கள். உங்களிடமும் போனில் ஒரு வீடியோ இருக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் வாய் தெரியும். எனக்கு முன்னால் நீங்கள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் நான் வருத்தப்படப் போவதில்லை.

நேற்று வெற்றுத்தாள் எடுத்து மனுவை எழுத ஆரம்பித்தேன். என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் வேகமாக வந்தன. அடுத்து, எவர்மீது புகார் என்று எழுத வேண்டும். அங்கே கதாபாத்திரத்தின் பெயரைப் போட முடியாது.