எண்ணூர் விலாசம்

ராயபுரத்தில் ஷெர்லினும் அவள் கணவன் டென்னிஸும் தங்கும் விடுதியாக நடத்திவந்த பழைய பங்களாவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள்தான். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு கப்பல் தரகர் கட்டிய வீடு. மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களும் அவற்றுக்கு அப்பால் கடலும் தெரியும். வாடகையில் காலைச் சாப்பாடும் சேர்த்தி. வெளியூர்க்காரர்களே வரும் இடம் என்பதால்தான், அறை கேட்டு வந்த சுப்புராயனின் ஆதாரில் எண்ணூர் விலாசத்தைப் பார்த்ததும் ஷெர்லினுக்குச் சுருக்கென்றது. ஒரு பஸ் ஏறினால் சொந்த வீட்டுக்குப் போய்விடக்கூடிய மனிதருக்கு இங்கே என்ன வேலை?

மறுநாள் மகன் வருவான் என்றார். எங்கிருந்து என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். கீழறையின் ஜன்னல் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கம்பியில்லாத அறை வேண்டும் என்றார். மரக்கதவு மட்டும் போட்ட ஜன்னல் மாடியறையில்தான் இருந்தது. கொடுத்தாள். அதன்பின் அறைக்கதவைத் திறப்பதும் மூடுவதுமாக மேலே ஒரே சத்தம். கடைக்குப் போயிருந்த டென்னிஸுக்கு ஃபோன் போட்டாள். எதற்கும் ஒரு கண் வைத்துக்கொள் என்றான் அவன்.

துண்டு கொடுக்கிற சாக்கில் மாடியேறினாள். சுப்புராயன் தரையில் உட்கார்ந்து, கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளை ஸ்க்ரூடிரைவரால் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதீங்க?" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. "எம் புள்ள புழல் ஜெயில்ல கீறான்மா. நாளைக்கு வுடறாங்க. வெளில தாப்பா வெச்ச ரூம்ல அவன் எப்பிடிம்மா தூங்குவான்? போறப்ப நானே மாட்டிக் குட்த்துர்றேன்."

என்ன வழக்கு என்று கேட்டாள். கரையில் வலை விஷயமாக நடந்த அடிதடியில் ஒருவர் செத்துப்போனார். அவர் குடும்பமும் சுப்புராயன் வீட்டுத் தெருவில்தான். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது.

போ என்று சொல்ல ஷெர்லினுக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்று மாலையே மகள் சுஜாவைத் திருவொற்றியூரில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அப்பனும் பிள்ளையும் வந்தபோது காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இருந்தும் ஆப்பம் சுட்டாள். மகன் பிரகாஷ் ஒல்லியாக இருந்தான். புதுச் சட்டை தோளில் தொங்கியது. ஆப்பத்தைப் பிய்க்கும் அந்தக் கைகளையே சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தான். பிறகு எட்ட நின்று கேட்டான்.

"அக்கா, கேட்டாண்ட போய் நிக்கலாமா?"

வாசல் கேட் விரியத் திறந்து கிடந்தது.

"அதுக்கு என்கிட்ட கேக்கணுமா? போயிட்டு வாங்க."

அவன் தயங்கித் தயங்கி இறங்கினான். ஷெர்லின் அவன் முதுகையே பார்த்தபடி நின்றாள். சுஜாவைத் திரும்பக் கூட்டிவரச் சொல்ல ஃபோனை எடுத்தவள், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று வைத்துவிட்டாள்.