காத்தாயி வீட்டுக்கு ஒரு நாய்

1

இந்தக் கதை என் புத்திகெட்டதனத்தில் பிறந்தது, மறைத்துப் பயனில்லை. இலங்கையில் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட மாஸ்டர். 1984 மாசி. பொன்னையா குடும்பம் இந்தியா போவதற்கு லொறி ஏறியது. அவர்களுடைய சடை நாய் வளைவு வரை பின்னால் ஓடிவிட்டுத் திரும்பி வந்தது. அதே லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில் இருக்கும் காத்தாயி, "பிள்ளைங்களுக்கு ஒரு நாய் வேணும் மாஸ்டர்" என்று சொல்லி வைத்திருந்தாள். வீடில்லாத நாய், நாயில்லாத வீடு. கதைக்கு ஆகுமே என்று நானே கயிறு கட்டி இழுத்துப்போய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவளுடைய நாலு வயது மகள் புஷ்பராணிக்கு மூச்சிளைப்பு கண்டது. பாயில், சோற்றில், பிள்ளையின் மூக்கில், எங்கும் நாய் முடி. காத்தாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஓடினேன். எழுதுகிறவனால் அந்த அளவுக்குத்தான் உதவ முடியும்.

(சடை நாய் இப்போது என்னிடம். இந்தத் தாளிலும் ஒரு முடி கிடக்கிறது. பார்த்துப் புரட்டுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "மலைமேல் மூடுபனி இறங்கிய ஒரு காலையில் காத்தாயி—"

வேண்டாம். காத்தாயி மூடுபனியைப் பார்ப்பதில்லை, கொழுந்தைப் பார்க்கிறாள்.

இரண்டாம் தொடக்கம்: "நன்றியுள்ள பிராணியாகிய நாய்—"

சே. பரீட்சைக் கட்டுரை.

மூன்றாவது: காத்தாயிக்கு முடி கொட்டாத நாய் வேண்டும்.

இதையே வைத்துக்கொள்வோம். பிள்ளை தேறி வீடு வந்த அன்றே அப்படிக் கேட்டாள். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது அங்கேதான். பட்ட பிறகும் எந்தத் தாய் நாய் கேட்பாள்?

"பூனை வளக்கலாமே, தங்கச்சி?"

"பூனை பாலைக் குடிச்சிரும்."

"ஒங்க வீட்ல பால் ஏது?"

"அதான். இருக்கிற கொஞ்சத்தையும் குடிச்சிரும்."

"சரி, நாய் எதுக்கு?"

"சும்மாதான்."

3

தொரை பங்களாவில் சுருட்டை முடி நாயொன்று இருந்தது. "அதுக்கு முடி கொட்டாது மாஸ்டர், வளரும். மனுசன் மாதிரி மாசத்துக்கு ஒருக்கா கத்திரி போடணும்" என்றார் பங்களாச் சமையல்காரர் நல்லையா. அந்தச் சீமாட்டி ஒரு லயத்து நாயோடு சிநேகமாகி மூன்று குட்டி போட்டிருந்தது. தொரைசானிக்கு வெட்கம், யாருக்காவது கொடுத்துத் தொலைக்கச் சொல்லிவிட்டார்.

"தாய் மாதிரியும் வரலாம், தகப்பன் மாதிரியும் வரலாம். நான் பொறுப்பில்ல" என்றார் நல்லையா.

காத்தாயி தன் கறுப்புக் கம்பளியோடு பங்களாவின் பின்வாசலுக்குப் போனாள். மழையில் கொழுந்தெடுக்கும்போது தலையில் போடுகிற கம்பளி. அதில் துரும்பு விழுந்தாலும் தெரியும். ஒவ்வொரு குட்டியையும் அதன்மேல் புரட்டினாள், தேய்த்தாள். இரண்டு தோற்றன. மூன்றாவது, செம்பட்டைச் சுருட்டை, கம்பளியை நனைத்ததே தவிர முடி விடவில்லை.

நான் குனிந்து ஆராய்ந்தேன். ஒரு வெள்ளை முடி.

"இதுவும் சரிவராது" என்று தீர்ப்பளித்தேன்.

"நாய்க்கு நரைக்கல மாஸ்டர். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அதோடு அவள் விடவில்லை. நாலு நாள் பின்னேரங்களில் புஷ்பராணியைக் கூட்டிப்போய்க் குட்டியோடு விளையாட விட்டாள். காலையில் எழுந்ததும் பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். ஒரு விசில் கேட்டால் நாய் கிடையாது என்று பிள்ளையிடமே சொல்லியிருந்தாள். கேட்கவில்லை. ஐந்தாம் நாள் குட்டி லயத்துக்கு வந்தது.

4

கங்காணி அழகையா வாசலில் நின்று பார்த்தார்.

"தொரை வீட்டுச் சாதி நாய் ஒனக்கா? அதுவும் இந்த நேரத்துல. சரி, நீங்க எப்பப் போறீங்க?"

போன ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் 'எப்பப் போறீங்க'தான் வணக்கம். அந்த ஆடியில் காத்தாயி இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு இரண்டு நாள் தேயிலைச் செடிக்குள் கிடந்தவள். அதற்குப்பின் பாதி லயம் இந்தியாவுக்குப் பேர் பதிந்தது.

"ஒங்க வீட்ல கத்திரி இருக்கா கங்காணி? அடுத்த மாசம் இதுக்கு முடி வெட்டணும்" என்றாள் காத்தாயி.

(இது நான் எழுதிய வசனமில்லை. என்னால் இப்படி எழுத முடிந்திருந்தால் இந்நேரம் பிரபலமாகியிருப்பேன்.)

5

அடுத்த மாசம் கங்காணி வீட்டுக் கத்திரியோடு அவள் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு காலைப் பிடித்திருந்தார்கள். நான் முடிவுகளை வாசித்துக் காட்டினேன்.

முடிவு அ: கலகக்காரர்கள் வருகிறார்கள். நாய் குரைத்து லயத்தையே காப்பாற்றுகிறது.

"இதுவா? கோழிக்குப் பயந்து அடுப்படியில ஒளியுது."

முடிவு ஆ: இளைப்பு திரும்புகிறது. காத்தாயி கண்ணீரோடு நாயைத் திருப்பிக் கொடு—

"அத வெட்டுங்க."

வெட்டிவிட்டேன்.

முடிவு இ: வாசகரே, இதை உங்களுக்காக வெறுமையாக விட்டிருந்தேன். நீங்கள் எழுதத் தொடங்குமுன் நான் கடைசித் தடவையாக அதையே கேட்டுவிட்டேன்.

"நெசத்தச் சொல்லுங்க தங்கச்சி. நாய் எதுக்கு?"

கத்திரி நின்றது.

"போறவங்க நாயை விட்டுட்டுப் போறாங்க. நான் புதுசா ஒன்னக் கொண்டாந்து, பேர் வச்சு, மாசாமாசம் முடி வெட்டப்போறேன். எப்பப் போறீங்கன்னு கேக்கிறவங்க கண்ணுக்கு அது தெரியணும். அதுக்காகப் பிள்ளை மூச்சைக் குடுக்க ஏலாது. அதான் முடி கொட்டாததாத் தேடுனேன். நாங்க எங்கயும் போகல மாஸ்டர். அந்தக் காதக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."