அளவு நாடாவை எறியக் கூடாது

எங்கள் போட்டியின் விதிப்புத்தகம் பன்னிரண்டு பக்கம். அதில் பதினான்காவது விதி என்னால் வந்தது: 'அளவு நாடாவை எவர் மீதும் எறியக் கூடாது.' என் பெயர் அதில் இல்லைதான். ஆனால் அந்த வரியைப் படிக்கிற ஒவ்வொருவரும் தலையைத் தூக்கி என்னைத் தேடுகிறார்கள். நான் எறிந்தது எதிராளி மீது அல்ல, அவர் இருந்த பக்கம். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

விளையாட்டு இதுதான். ஆறடிக்கு நாலடி மேசை. அதன் மேல் குன்று, வேலி, ஆறு, பாலம் எல்லாம் இருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நிற்போம், ஆளுக்கொரு படை. வீரர்கள் சுண்டுவிரல் நகத்தின் உயரம். நாமே ஒட்டி, நாமே வர்ணம் தீட்டியவர்கள். சதுரங்கம் மாதிரி கட்டங்கள் கிடையாது. எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நாடா சொல்லும், அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பகடை மீது கோபப்பட்டு என்ன பயன்? அதனால் எல்லாச் சண்டையும் நாடாவில்தான் வந்து நிற்கும்.

வாரத்தில் ஆறு நாள் நான் பல் செய்கிறேன். மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் எடுத்து அனுப்புகிற வாய் அச்சைப் பார்த்து, யார் வாய் என்றே தெரியாமல், பல் செட்டும் உறையும் செய்து கொடுப்பவள். என் வேலை நன்றாக அமைந்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே வெளியில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் செய்ததை நாலு பேர் குனிந்து பார்த்து 'அட' என்பார்கள். அந்த ஒரு 'அட' போதும், அடுத்த ஆறு நாளைத் தள்ளிவிடுவேன்.

போன வருஷப் போட்டியில் எனக்கு எதிரே நின்றவர் ஒரு நில அளவையாளர். ஊரார் வேலிச் சண்டையை எல்லாம் தீர்த்துவைக்கிற மனிதர், என் குதிரைப்படை பாய்ந்தபோது குனிந்து அளந்துவிட்டு, "ஒரு நூல் குறையுது, மேடம்" என்றார். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். எட்டில் ஒரு பங்குக்காக என் எட்டுக் குதிரைகளும் நடுவழியில் நிற்க, அம்பு பட்டு அத்தனையும் போயிற்று. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அப்புறம் நடந்ததுதான் விதி பதினான்கு. அன்றிலிருந்து அவருக்கு 'ஒருநூலார்' என்று பெயர். எனக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மஞ்சள் அட்டையும் கிடைத்தது. கொடுத்தவர் நடுவர், அதாவது என் பெரிய நாத்தனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இல்லாதவர்கள் சொல்லும் கதைகளைப் பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, முகத்தில் ஒரு தசை கூட அசையாமல் போனவர். அட்டையில் என்னிடம் கையெழுத்து வாங்கி இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த போட்டி முடிவதற்குள் இன்னோர் அட்டை வாங்கினால் ஒரு வருஷம் ஆட முடியாது. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு.

"கோவம் வந்தா ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் எண்ணு" என்றார் என் வீட்டுக்காரர், இந்த வருஷம் நான் கிளம்பும்போது.

"எண்ணிக்கிட்டே இருந்தா கடியாரம் ஓடிடும். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம்தான்."

"அப்ப வேகமா எண்ணு."

போட்டி நூலகத்தின் மாடிக் கூடத்தில். வாசலில் நாத்தனார் ஒவ்வொருவர் படையையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எத்தனை வீரர்கள், கையில் ஈட்டியா வாளா, ஒவ்வொரு வீரன் மேலும் மூன்று நிறமாவது இருக்கிறதா? எல்லாம் சரியாக இருந்தால் ரயிலில் அடிக்கிற துளைக் கருவியாலேயே பட்டியலில் ஒரு ஓட்டை போடுவார். 'டக்.'

"அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"இங்க அண்ணியும் கிடையாது தம்பி பொண்டாட்டியும் கிடையாது" என்று என் குதிரைகளைப் பார்த்தார். "கடிவாளம் புதுசா?"

"பல்லுக்குக் கட்டுற கம்பி. எட்டும் நிக்கிற அடித்தட்டும் நானே வார்த்தேன்."

'டக்.' அவ்வளவுதான். எனக்கு ஒரு 'அட' பாக்கி.

முதல் சுற்றில் ஒரு பேருந்து ஓட்டுநர். அவர் வீசினால் பகடை மேசையில் நிற்காது, உருண்டு தரைக்குப் போகும். தரையில் விழுந்தது செல்லாது என்பது விதி. மனிதர் மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய், "இங்க ஆறு விழுந்திருக்கு, வந்து பாருங்களேன்!" என்று கூப்பிடுவார். நானும் ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்து வருத்தம் தெரிவிப்பேன். மேலே வந்து மறுபடி வீசுவார், ஒன்று விழும். எட்டு வருஷத்தில் நான் இவ்வளவு சிரித்து ஆடியதில்லை. ஜெயித்ததில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

இரண்டாவது சுற்றில் எனக்கு விழுந்த ஆறு, குன்றின் மேல் ஒருக்களித்துச் சாய்ந்து நின்றது. சாய்ந்த பகடையை மறுபடி வீச வேண்டும். மறுபடி வீசினேன், இரண்டு. எண்ணினேன். இருபது போதவில்லை, முப்பத்தேழு வரை போனேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தினமும் என் பட்டறைக்கு வருகிறது, அதனால் அதையும் செய்யவில்லை. எப்படியோ அதிலும் ஜெயித்துவிட்டேன்.

மூன்றாவது சுற்றுக்குப் பெயர்கள் வாசித்தார்கள். எனக்கு எதிரே ஒருநூலார்.

கூடத்தில் இருந்தவர்கள் மெல்ல எங்கள் மேசைப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். அவர் இரும்பு நாடா, இடுக்கி அளவுகோல், சின்னப் பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். கை கொடுத்துவிட்டுத்தான் ஆட்டம் தொடங்க வேண்டும். கொடுத்தோம். அவர் கை ஈரமாக இருந்தது. அட, இந்த மனுஷன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக நான் என் அட்டையைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல ஆட்டம். என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எதிராளியின் வீரனைக் கேட்காமல் தொடக் கூடாது. அவர் ஒவ்வொரு தடவையும், "தொடலாமா, மேடம்?" என்று கேட்டுத்தான் தொட்டார். ஒரு தடவை என் குதிரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, தன்னையறியாமல், "அட, கடிவாளத்துல முடிச்சு கூட இருக்கே" என்றார். அந்த இடத்தில் எனக்கு அவரை அநியாயத்துக்குப் பிடித்துப்போயிற்று.

கடைசி நகர்த்தலுக்கு வந்துவிட்டோம். பாலத்தை அவருடைய காலாட்கள் பிடித்திருந்தார்கள். பாலம் யாரிடமோ ஆட்டம் அவரிடம். நான் என் எட்டுக் குதிரைகளை ஏவினேன். குதிரைகளுக்குப் பாய்ச்சல் ஒன்பது அங்குலம். ஒருநூலார் குனிந்தார், நாடாவை நீட்டினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"சரியா ஒன்பது. வந்துடுச்சு, மேடம்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் குதிரைகளைக் கொண்டுபோய் அவர் காலாட்களின் விளிம்போடு விளிம்பாக ஒட்டி வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது.

என் தட்டு அவர் தட்டைவிட இரண்டு பக்கமும் துளி நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் நீளமும் அகலமும் அறுபது மில்லிமீட்டர்தான் அளவு, தட்டு பெருத்தால் பாய்ச்சலும் அவ்வளவு கூடும். வேறு எவர் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பக்கத்துப் பல்லோடு சேராத உறையை வாரத்துக்குப் பத்து தடவை திருப்பி அனுப்புகிறவள் நான். என்ன நடந்திருக்கும் என்பதும் அப்போதே புரிந்துவிட்டது. பட்டறையில் பிசினோ உலோகமோ வார்த்தால், ஆறும்போது சுருங்கும். அதனால் அச்சைக் கொஞ்சம் கூட்டியே எடுப்போம். பதினேழு வருஷப் பழக்கம், கை தானாகக் கூட்டிவிட்டது. ஆனால் இந்தத் தட்டை நான் வார்த்தது கல்மாவில், தண்ணீர் விட்டுக் குழைத்தால் கல்லாக இறுகுகிற மாவில். கல்மா சுருங்காது.

தவறான தட்டு என்றால் 'நடுவர் விருப்பப்படி, மஞ்சள் அட்டை வரை' தண்டனை. எனக்கு விதிப்புத்தகம் மனப்பாடம், ஒரு வரியை எழுதவைத்தவள் ஆயிற்றே. யாரும் பார்க்கவில்லை. ஒருநூலாரே, 'வந்துடுச்சு' என்று சொல்லியாயிற்று. வாயை மூடிக்கொண்டு பகடையை வீசினால் பாலம் எனக்கு, ஆட்டம் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்கு. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் போன வருஷம் ஒரு நூலுக்காக ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் பொய்யன் என்று கத்தினவள், இன்றைக்கு இந்தத் துளியை எப்படி விழுங்குவேன்?

கடியாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினேன். "நடுவர்!"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. நாத்தனார் வந்தார்.

"யாரு கூப்பிட்டது?"

"நான்தான்."

"சார் என்ன பண்ணாரு?"

"அவர் ஒண்ணும் பண்ணல. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

இந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து கேட்டது குடும்பத்திலேயே அவர்தான் முதல் ஆள். இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள். நான் சுருங்குவது, சுருங்காதது எல்லாம் விளக்கினேன். ஒருநூலார் இடுக்கி அளவுகோலைத் தட்டின் மேல் வைத்தார். அறுபத்திரண்டு. என்னைவிட அவர்தான் அதிகம் உடைந்துபோனார்.

"மூணு மணி நேரமா முன்னாடியே நிக்குது. நான் எப்படிப் பாக்காம விட்டேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நாத்தனாரின் கை இடுப்புப் பைக்குள் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கையில் அட்டை இல்லை. அளவு சரியான மாற்றுத் தட்டு ஒன்று இருந்தது.

"கிளம்பின இடத்துல இதை வை. குதிரைங்களை இதுல ஏத்து. மறுபடி அளங்க."

ஒருநூலார் அளந்தார். நிமிரவே இல்லை. குனிந்தபடியே, பயந்தவர் மாதிரி மெல்லிய குரலில் சொன்னார்: "அரை நூல்... குறையுது, மேடம்."

அப்படி ஓர் அமைதியை நான் எந்த நூலகத்திலும் கேட்டதில்லை. பக்கத்து மேசைக்காரர் தன் படையின் மேல் இரண்டு கையையும் கவித்துக்கொண்டார். ஒருநூலார் பூதக்கண்ணாடியை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு காலை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். பேருந்து ஓட்டுநர் ஓசைப்படாமல் என் பின்னால் வந்து, மேசையிலிருந்த என் அளவு நாடாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். "அதைக் குடுங்க, எறிய மாட்டேன்" என்று ஓட்டுநரைப் பார்த்துச் சொல்ல வாய் திறந்தால் மறுபடியும் சிரிப்பு. முதலில் ஓட்டுநர், அப்புறம் கூடம் முழுக்கச் சிரித்தது. கடைசியாக ஒருநூலார் ஒரு சின்னச் செருமலில் தொடங்கி, தோள் குலுங்கச் சிரித்தார்.

பாலம் அவருக்கே போயிற்று. பதினொன்றுக்கு ஒன்பது, தோற்றேன். "போன வருஷம் உங்களை அப்படிப் பேசினது தப்பு, சார்" என்று கை கொடுத்தேன். ஒரு வருஷம் தாமதம்தான்.

"பரவால்ல, மேடம். அடுத்த தடவை தட்டு வார்க்கிறப்ப என்னைக் கூப்பிடுங்க, அளந்து தர்றேன்" என்றார். அந்தக் கை இப்போது உலர்ந்திருந்தது.

நாத்தனார் என் அருகில் வந்து நின்றார். "தப்பைத் தானே சொன்னா அட்டை உண்டா இல்லையான்னு விதியில எதுவும் இல்ல. இல்லைன்னு இன்னைக்கு எழுதப்போறேன். பதினைஞ்சாவது."

அதுவும் என்னால்தான் வந்தது. மறுபடி பைக்குள் கையை விட்டு, என் கையெழுத்துப் போட்ட போன வருஷ மஞ்சள் அட்டையை எடுத்தார். துளைக் கருவியை அதன் நடுவில் வைத்து அழுத்தினார். 'டக்.'

"இனி இது செல்லாது" என்று அட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். பத்தொன்பது வருஷமாக அசையாத அந்த முகத்தில், இடது கன்னத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. "காலையில கேட்டியே, இப்பச் சொல்றேன். நான் இன்னும் சாப்பிடல. வா, போலாம்."