பத்திரிகையில் அச்சான பட்டம்

எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் பெயரைவிடப் பட்டம்தான் பளிச்சென்று தெரியும். அண்ணன் பாலசுந்தரம் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. இருக்கும். தம்பி பெயருக்குப் பின்னால் என்ஜினியர் பட்டம். நடுவில் முகுந்தன் என்று என் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கும். ஐம்பத்திரண்டு வயதில், கிள்ளான் துறைமுகக் கிடங்கில் சூப்பர்வைசர் வேலையையும் பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் பி.ஏ. லிபரல் ஸ்டடீஸ் வகுப்புக்குப் போவது அறிவுத் தாகத்தால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தாகமாவது ஒன்றாவது. அந்த மொட்டைதான் காரணம்.

ஐந்து வருடம் ஓடியது. மகள் வாணியின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனபோது வரலாற்றுப் பாடத்தில் ஒரே ஒரு கட்டுரை பாக்கி. அதற்குள் முடித்துவிட மாட்டேனா என்ன? வாணியிடம்கூடச் சொல்லாமல், பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் 'முகுந்தன், பி.ஏ.' என்று போடச் சொன்னேன். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் வைத்த கதைதான்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே பத்திரிகை. மாப்பிள்ளை குகனின் அப்பா, சம்பந்தி அய்யாவு, கிள்ளானில் அவர் பக்கத்துக்குக் கொடுத்தார். நான் என் பக்கத்துக்கு. வாட்சாப்பில் அனுப்பினால் எங்கள் சொந்தங்கள் கல்யாணத்துக்கே வரமாட்டார்கள். வெற்றிலைத் தட்டோடு நேரில் போக வேண்டும், உட்கார வேண்டும், தேநீர் குடிக்க வேண்டும். "அட, பி.ஏ.வா!" என்று யாராவது வியந்தால் எனக்கு எழுந்திருக்க மனம் வராது. கட்டுரைக்கான கடைசி நாள் முழுவதும் செராஸிலும் செமினியிலும் சொந்தக்காரர் வீடுகளில் இப்படியே போனது.

மறுநாள் விரிவுரையாளர் வசுந்தராவிடம் அவகாசம் கேட்கப் போனேன். வேலை இருந்ததற்குச் சாட்சியாக, புத்திசாலி மாதிரி, பத்திரிகையையே நீட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "மிஸ்டர் முகுந்தன், இதுல பி.ஏ.ன்னு போட்டிருக்கே? வேற எங்கயாச்சும் ஏற்கனவே முடிச்சிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"டேட் போயிருச்சு. இந்தப் பாடம் பெயில்தான். அடுத்த செமஸ்டர் திரும்ப எடுங்க."

பத்திரிகையை உறையில் போட்டுத் திருப்பித் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வாணி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"குகனோட அப்பா போன் பண்ணாருப்பா. 'எங்கப்பா இந்த வயசுலயும் படிக்கிறாரு, இன்னும் ஒரு கட்டுரைதான் பாக்கி'ன்னு நான் அவங்க வீட்டுல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லி வச்சிருந்தேன். 'இப்ப கார்டுல டிகிரி போட்டிருக்கே, எதும்மா உண்மை'ங்கிறாரு. போற வீட்டுல நான் பொய்க்காரியா நிக்கணுமா?"

படிப்பு முடியவில்லை என்று நான் மறைத்து வைத்ததை அவள் அங்கே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் செத்துப் போகலாம் போல் இருந்தது. அவள் எதிரிலேயே சம்பந்திக்குப் போன் செய்தேன்.

"சம்பந்தி, வாணி சொன்னதுதான் உண்மை. பொய்யா போட்டது நான்."

அவர் கேட்டார். "எங்காளுங்க எல்லாருக்கும் கார்டு குடுத்தாச்சே சம்பந்தி. யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது?"

வாணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மருமக பொய் சொல்லலன்னு சொல்லுங்க" என்றேன். "அவ அப்பன் பெயில்னு சொல்லுங்க."