நான்கு வீட்டு மாத்திரை

சண்முகவடிவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலுக்கும் வார்டின் வாயிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அவள் கணவன் முருகையனுக்குக் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, அந்நீரில் கிருமியும் குடியேறியிருந்தது. இரண்டு நாள் ஊசி ஏற்றியும் காய்ச்சல் தணியவில்லை. பேச்சும் குழறத் தொடங்கிவிட்டது.

டாக்டர் தூபா வயிற்று நீரை மறுபடியும் எடுத்துச் சோதித்துவிட்டு வந்தார்.

"கிருமி குறையவே இல்லம்மா. மருந்து கேக்கல. கிருமி திரும்ப வராம இருக்க தினம் ஒரு மாத்திரை குடுத்தோமே, விடாம போட்டாரா?"

"ஒரு நாளும் தவறல, டாக்டரம்மா" என்றாள் வடிவு, முந்தானையைத் திருகியபடி.

அந்நேரம் பார்த்து நொச்சிக்குப்பத்திலிருந்து சோற்றுத் தூக்குடன் வந்து நின்றாள் அடுத்த வீட்டு ஆரோக்கியமேரி.

"இன்னா மாமா, ஃபேன் காத்து ஒத்துக்கிச்சா? எழுந்துக்க மனசில்லியா?" என்று முருகையனைச் சீண்டியவள், வடிவின் பக்கம் திரும்பினாள். "யக்கா, அந்த மாத்திரை ஒண்ணு கீதா? காலைலேர்ந்து வயிறு போய்க்கினே கீது. போன தபா நீ குடுத்ததுல டக்குனு நின்னுச்சு."

வடிவு தலைகுனிந்தாள். குப்பத்தில் ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் நான்கு வீட்டுக்குக் கிண்ணம் போகும். மாத்திரையும் அவ்வாறே போயிற்று. அட்டை தீர்ந்தபின் முருகையனுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. காய்ச்சல் கண்டபோதெல்லாம் மருந்துக்கடைக்காரர் கொடுத்ததை இரண்டு வேளை விழுங்கி, உடம்பு தேறியதும் நிறுத்திவிடுவான். அத்தனையையும் வடிவு தூபாவிடம் ஒப்புக்கொண்டாள்.

"கடையில என்ன குடுத்தாங்க? அட்டை இருக்கா?" என்று தூபா கையை நீட்டினார். வடிவு சுருக்குப்பையிலிருந்து கடை மாத்திரையின் கசங்கிய காலி அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"இதே வகை மருந்தத்தான் இப்போ ஏத்துறோம். அரைகுறையா போட்டுப் போட்டு கிருமிக்குப் பழகிடுச்சு. லேப் முடிவுக்குக் காத்திருக்க வேணாம், இன்னிக்கே மாத்திடலாம். கிட்னியையும் பாத்துக்கணும்."

"பொழச்சுக்குவாரா?"

"அடுத்த தடவை நீர் எடுக்கும்போது தெரியும்."

அந்த அடுத்த தடவை வரும்வரை வடிவு உண்டதும் இல்லை, உறங்கியதும் இல்லை. நீரில் கிருமியின் அடையாளம் பாதிக்கும் கீழே இறங்கியிருப்பதாகத் தூபா சொன்னபோது, முருகையன் தெளிவாகக் கேட்டான்:

"வடிவு, கருவாடு எதுனா கீதா?"

"உப்பு ஆவாது. கம்முனு கெட."

அன்றும் சோற்றுத் தூக்குடன் வந்திருந்த மேரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். வடிவு அவளை முடிக்க விடவில்லை.

"மாத்திரை கெடையாது. கீழ ஓபில சீட்டு போடு. நானும் கூட வரேன்."